பொட்டு வைத்த ஆம்ப்ளிஃபயர்

"திருட்டுப் போனது என்னங்க?" என்று கேட்டார் அம்புஜம் மேடம்.

"உசுருங்க," என்றார் மோகன்குமார்.

நான் நோட்டில் 'உயிர்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். மேடத்தின் துப்பறியும் ஆபீசில் நான் சேர்ந்து இரண்டு வருஷம். நகை, ஸ்கூட்டர், முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை என்று எது எதுவோ காணாமல் போய்ப் பார்த்தாச்சு. உயிர் காணாமல் போன ஆசாமி எதிரே உட்கார்ந்துகொண்டு, "காபி ஆறுதுங்க, எடுத்துக்கோங்க" என்று உபசாரம் பண்ணுவது இதுதான் முதல் தடவை.

துடியலூரில் அவர் வீட்டு மாடி அறை. ஜன்னலே கிடையாது. சுவர் முழுக்கச் சத்தம் உறிஞ்சும் பஞ்சுப் பலகை. நடுவில் ஒரே ஒரு சாய்வு நாற்காலி, எதிரே ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், அவற்றுக்கு இடையில் கருங்கல் மேடை மேல் ஒரு கறுப்பு ஆம்ப்ளிஃபயர். அந்த ஒற்றைப் பெட்டியின் விலை பதினெட்டு லட்சம்.

"பெட்டி இங்கதானே இருக்குது?" என்றார் மேடம்.

"பொட்டி இருக்குதுங்க. உள்ள இருந்ததக் களவாண்டுபோட்டாருங்க. கோட்டைமேடு சிக்கந்தர் பாய். வால்யூம் திருப்புனா கரகரன்னு வருதுன்னு சர்வீசுக்குக் குடுத்தேன். நாலு நாள் கழிச்சுக் குடுத்தாரு. கரகரப்புப் போச்சு, கூடவே உசுரும் போச்சு. ஒரிஜினல் பார்ட்ஸ எடுத்துப்போட்டு லோக்கல் சரக்க மாட்டீட்டாருங்க."

திருடன் என்று சொல்லும்போதுகூட 'ருங்க' போடுகிற ஊர் எங்கள் ஊர்.

மோகன்குமாருக்கு சோமனூரில் விசைத்தறிக் கூடம். வயசு நாற்பத்திநாலு. ஆள் நல்ல மனுஷன்தான், ஆனால் கோபத்தில் ஒரு காரியம் பண்ணி வைத்திருந்தார். கோயமுத்தூர் முழுக்க இந்த மாதிரிப் பாட்டுப் பெட்டிப் பைத்தியங்கள் நானூறு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருக்கிறார்கள். அதில் சிக்கந்தர் பாயின் போட்டோவைப் போட்டு, 'இவரிடம் கொடுத்து ஏமாற வேண்டாம்' என்று எழுதிவிட்டார். மூன்று பேர் அன்றைக்கே பாயின் கடைக்குப் போய்த் தங்கள் செட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்களாம்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்டேஷன்ல புகார் குடுக்கப் போறேனுங்க. அதுக்குள்ள நீங்க ஒரு ஆதாரம் புடிச்சுக் குடுத்தீங்கன்னா பாயை உள்ள வெச்சரலாம்."

அவர் மனைவி லோகப்பிரியா முறுக்குத் தட்டோடு வந்தார். "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரீலீங்க மேடம்."

"உனக்கு இதுவும் மிக்சியும் ஒண்ணுதான்."

"மிக்சி சட்னியாச்சும் குடுக்குதுங்க."

மேடம் சிரித்தார். வழக்கமாக இந்த இடத்தில் நானும் ஒன்று எடுத்து விட்டிருப்பேன். அன்றைக்கு முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டேன். சளி பிடித்திருக்கிறது என்று மேடத்திடம் சொல்லியிருந்தேன். சளியுமில்லை, ஒரு மண்ணுமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஆம்ப்ளிஃபயரை மோகன்குமார் தலையில் கட்டியவன் நான்தான்.

அப்போது அவிநாசி ரோட்டில் கண்ணாடி போட்டு மின்னும் ஒரு ஆடியோ கடையில் சேல்ஸ்மேன். கழுத்தில் டை, முகத்தில் தாடி. 'இதைக் கேட்ட காது வேற எதையும் கேக்காதுங்க சார்' என்று வாய் கூசாமல் சொல்வேன். என் பயோடேட்டாவில் இருந்ததெல்லாம் 'விற்பனைத் துறை அனுபவம்' என்ற மூன்று வார்த்தைதான். மேடம் அதற்கு மேல் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

"தம்பிய எங்கயோ பாத்த மாதிரியே இருக்குதுங்க," என்றார் மோகன்குமார் என் கண்ணைப் பார்த்து.

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க. ரொம்பச் சாதாரண மூஞ்சி," என்று இருமினேன்.

"இதுக்காக எட்டுத் தறிய வித்தேனுங்க மேடம்," என்றார் அவர், குரல் இறங்கி. "எங்கய்யன் போட்ட தறி. அன்னைலிருந்து எங்கய்யன் எங்கூடப் பேசறதில்ல. நான் பண்ணுனது தப்புத்தான்னு ராத்திரியும் பகலும் உறுத்தும். இங்க வந்து உக்காந்து இதக் கேட்டாத்தான், சரி, தகும்னு மனசு ஆறும். இப்ப அதும் இல்லீங்க."

நான் கையிலிருந்த முறுக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

"போட்டுக் காட்டுங்க, கேக்கலாம்," என்றார் மேடம்.

ஒரு நாதஸ்வர ரெக்கார்டு. மோகன்குமார் ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழை இரண்டு விரலால் பிடித்தார். கறுப்புக் குமிழின் விளிம்பில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்த ஒரு பொட்டு. அந்தப் பொட்டு நேர் உச்சிக்கு வரும்வரை திருப்பிவிட்டு, கற்பூரம் ஏற்றியவர் மாதிரி பயபக்தியோடு கையை எடுத்தார்.

"அதென்னங்க பொட்டு?"

"ஆயுத பூசைக்கு வெச்சதுங்க," என்றார் லோகப்பிரியா. "தறிக்கு, காருக்கு, கிரைண்டருக்கு வெக்கறப்ப இதுக்கும் வெச்சேன். வருஷா வருஷம் அதே எடத்துல வெக்கறது."

"அவ வெச்ச வேளைங்க," என்றார் மோகன்குமார். "பொட்டு உச்சியில நின்னா அதுதான் எனக்குச் சரியான சத்தம். மூணு வருஷமா அதுக்கு மேலயும் போனதில்ல, கீழயும் வந்ததில்ல. இப்பக் கேளுங்க. செத்துக் கெடக்குது பாருங்க."

எனக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனால் என்னிடம் யார் கேட்டார்கள்?

"பாய்க்கு முன்னால வேற யாராவது இதத் திறந்தாங்களா?"

"யாருமே இல்லீங்க. கடையில இருந்து ஊட்டுக்கு வந்துச்சு, ஊட்டுல இருந்து பாய்கிட்டப் போச்சு. கடைக்காரத் தம்பி புதுசாப் பிரிச்சுத் தாரேன்னு சொல்லுச்சு. நான் முடியாதுன்னுட்டேன். சந்தையில பல்லப் புடிச்சுப் பாத்த மாட்ட உட்டுப்போட்டு வேற மாட்டையா ஓட்டிட்டு வருவோம்? நான் கேட்ட அதே பொட்டியத்தான் தூக்கிட்டு வந்தேன்."

மேடம் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் விசாரித்தவர். பஞ்சுக் குடோன் தானாக எரிந்ததா, முதலாளி எரித்தாரா என்று சாம்பலைப் பார்த்தே சொல்லிவிடுவார். என்னைப் பற்றி மட்டும் எப்படி ஒன்றும் தெரியாமல் இருக்கிறது என்று நான் அடிக்கடி ஆச்சரியப்பட்டதுண்டு.

ஸ்கூட்டரில் கோட்டைமேடு நோக்கிப் போகும்போது பின் சீட்டிலிருந்து நிலக்கடலை மெல்லும் சத்தம். "என்ன நவநீத், இன்னிக்கு ஒரு ஜோக்கும் வரலியே? வண்டில பெட்ரோல் இல்லையா, உனக்குள்ள இல்லையா?"

"சளிங்க மேடம்."

"சளி பிடிச்சா மூக்குதான் அடைக்கும். வாயுமா அடைக்கும்?"

நான் ஹாரனை அடித்தேன். எதிரே ஒருத்தரும் இல்லை.

சிக்கந்தர் பாயின் கடை இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட முடியாத அளவு. பின்சுவர் அலமாரியில் நாற்பது வருஷத் தூசி. அந்தத் தூசிக்கு நடுவில் மூன்று சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது. மூன்று செட் இருந்த இடம். எனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை.

பாய்க்கு அறுபது வயசு இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "திருடன் கடை டீ குடிப்பீங்களாம்மா?" என்றார்.

"சர்க்கரை கம்மியா," என்றார் மேடம், ஸ்டூலை இழுத்துப் போட்டு.

பாயின் முகம் கொஞ்சம் இளகியது. "உள்ள ஒரு பார்ட்டையும் நான் தொடலம்மா. வால்யூம் கண்ட்ரோலுக்குள்ள தூசி. குமிழக் கழட்டி, மருந்தடிச்சு, துடைச்சு, மாட்டினேன். அவ்வளவுதான். எதைத் திறந்தாலும் முன்னால ஒரு போட்டோ, பின்னால ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குவேன். அது என் பழக்கம்."

செல்லை நீட்டினார். மேடம் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். எல்லாப் பார்ட்டும் அதே இடத்தில், அதே நம்பரோடு இருந்தன.

"இது என்ன கம்பி?"

"அதுதாம்மா தண்டு. குமிழ் அது மேல உக்காரும். குமிழ்ல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அது தண்டைக் கடிச்சுப் புடிச்சுக்கும். இந்தத் தண்டுல பாருங்க, ரெண்டு கடி. ஒண்ணு கம்பெனில வெச்சது, சுத்தமா இருக்குது. இன்னொண்ணு யாரோ பொருந்தாத சாவியப் போட்டுத் திருகினது, ஸ்க்ரூ தலையும் தேஞ்சிருக்குது. என்கிட்ட வந்தப்ப குமிழ் அந்த ரெண்டாவது கடியில நின்னுச்சு. தப்பான எடம். நான் கம்பெனி கடியிலயே வெச்சு முடுக்கினேன். தப்புன்னு தெரிஞ்சும் அப்படியே விட எனக்கு மனசு வராதும்மா."

மேடம் கடலை மெல்வதை நிறுத்தினார். "பொட்டு?"

"சாமிப் பொட்டு. அது மேல மருந்து பட்டுடக் கூடாதுன்னு குமிழைத் துணில சுத்தித் தனியா எடுத்து வெச்சேன்."

நான் முகக்கவசத்தை இறக்கி டீயை ஒரே மடக்கில் குடித்தேன். நாக்கு சுட்டது, டீயை மனசுக்குள் திட்டினேன். டீ என்ன பண்ணும், பாவம்.

"பாய், ஒரே ஒரு கேள்வி," என்றார் மேடம் எழுந்துகொண்டே. "அந்தப் பெட்டி பதினெட்டு லட்சம் தகுமா?"

பாய் யோசித்தார். "நல்ல பெட்டிம்மா. குறை சொல்ல முடியாது. ஆனா ரெண்டு லட்சத்துப் பெட்டிய பக்கத்துல வெச்சு, கண்ணை மூடிட்டுக் கேட்டா எனக்கு வித்தியாசம் தெரியல. விலையைத் தெரிஞ்சுட்டுக் கேட்டா எனக்கும்தான் தெரியுது."

பாய் கையிலிருந்த வேலையை முடித்துக் கிளம்ப, நாலரை மணிக்குத்தான் துடியலூர் மாடி அறைக்கு ஏறினோம், பின்னால் லோகப்பிரியாவும் வந்தார். வாசலில் பாயைப் பார்த்ததும் மோகன்குமாருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் வாய் தன்னால், "வாங்க பாய், உக்காருங்க," என்றது. அப்புறம்தான் கோபம் வந்தது. "இவர எதுக்குங்க கூட்டியாந்தீங்க?"

"எடுத்ததைத் திருப்பி மாட்ட வந்திருக்காருங்க. நீங்க கண்ணை மூடிட்டு உக்காருங்க. மாட்டினதும் சொல்லுவேன்."

பாய் மேடத்தின் காதருகே, "பொய் சொல்ல வைக்கறீங்களேம்மா," என்று முனகினார்.

"பொய் என்னோடது. நீங்க ஸ்க்ரூ டிரைவரை மட்டும் தட்டுங்க."

பாட்டு ஓடியது. பொட்டு உச்சியில் இருந்தது. மோகன்குமார் கண்ணை இறுக்க மூடி, முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாய் பெட்டியின் பின்பக்கம் குனிந்து டொக், டொக் என்று இரண்டு தட்டு தட்டினார். மேடம் என்னிடம் சைகை காட்டி, "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு," என்று கிசுகிசுத்தார்.

நான் குமிழை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினேன். நாதஸ்வரம் நிமிர்ந்து எழுந்தது.

"வந்துருச்சு!" மோகன்குமார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். மூடின கண்ணிலிருந்து தண்ணீர். "இதுதானுங்க! இதுதான்! ஏனுங்க பாய், இத எதுக்குங்க எடுத்தீங்க? எட்டுத் தறி இதுக்குள்ளதான் இருக்குதுங்க!"

"கண்ணைத் திறங்க," என்றார் மேடம்.

திறந்தார். பாயின் கையில் ஸ்க்ரூ டிரைவர் தவிர ஒன்றுமில்லை. பெட்டி மூடியே திறக்கவில்லை. பொட்டு மட்டும் உச்சியை விட்டு வலது பக்கம் சாய்ந்து நின்றது.

"ஒண்ணும் மாட்டலீங்க. சத்தம் கூடியிருக்குது, அவ்வளவுதான். இந்தக் குமிழ் முதல்லிருந்தே இடம் மாறி மாட்டியிருந்துச்சு. கொஞ்சம் திருப்பினாலே நிறையச் சத்தம் வரும். நீங்க பொட்டை உச்சியில வெச்சப்ப உண்மையில சத்தத்தை ரொம்பக் கூட்டி வெச்சுக் கேட்டுட்டிருந்தீங்க. பாய் குமிழைக் கம்பெனி இடத்துல வெச்சுட்டாரு. பொட்டை அழிச்சிருந்தாருன்னா நீங்க காதால கேட்டுத் திருப்பியிருப்பீங்க, புகாரே வந்திருக்காது. மரியாதைக்கு விட்டுவெச்சாரு. நீங்க பொட்டைப் பார்த்தே திருப்பினீங்க. சத்தம் குறைஞ்சது, உயிர் போயிடுச்சுன்னு நினைச்சீங்க."

மோகன்குமார் பொட்டையே பார்த்தார். "வெறும் சத்தமுங்களா?"

"வெறும் சத்தம்."

மோகன்குமார் குமிழைச் சுட்டிக் காட்டினார். "அந்தக் குமிழ எடம் மாத்தி மாட்டினது யாருங்க?"

"கடையிலதான் நடந்திருக்கணும். பக்கத்துல இருக்கற வேற பெட்டியையும் இதையும் ஒரே அளவு திருப்பிக் காட்டுவாங்க. இது சத்தமாக் கேட்கும். காது அதைத்தான் ஒசத்தின்னு நம்பும்." மேடம் ஜன்னல் பக்கம் பார்ப்பது போல் சுவரைப் பார்த்தார். ஜன்னல்தான் இல்லையே. "நவநீத், நான் கொஞ்சம் கூட்டுன்னு மட்டும்தான் சொன்னேன். எவ்வளவுன்னு சொல்லலை. நீ குமிழைக்கூடப் பார்க்கலை. பாய், அது எங்க நிக்குதுன்னு பாருங்க."

பாய் செல்லில் இருந்த போட்டோவையும் குமிழையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு கடிக்கும் நடுவுல எவ்வளவு இடமோ, அதே அளவும்மா. மயிரிழை பிசகல."

கை இருக்கிறதே, அது நம்ம பேச்சைக் கேட்காது. மூன்று வருஷம் ஆனாலும் பழக்கத்தை மறக்காது.

நான் முகக்கவசத்தைக் கழற்றினேன். "நான்தானுங்க."

மோகன்குமார் என் மோவாயை உற்றுப் பார்த்தார். "தாடி... நீங்க அந்தக் கடைத் தம்பிங்களா?"

"ஆமாங்க. நீங்க வந்த அன்னைக்குக் காலையில நான்தான் குமிழைக் கழட்டித் திருப்பி மாட்டினேன். கையில கிடைச்ச சாவியப் போட்டு முடுக்கினேன். புதுப் பெட்டி குடுத்தா ஒண்ணும் தெரியாம போயிருக்கும். நீங்க இதே பெட்டிதான் வேணும்னு புடிச்சுட்டீங்க. உங்க முன்னால அதைக் கழட்டிச் சரி பண்ண முடியுங்களா? அப்படியே கட்டிக் குடுத்துட்டேன். நீங்க எட்டுத் தறி வித்தது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

"பாய் மேல தப்பில்லைன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்றார் மேடம். கோபமே இல்லாத குரல். அதுதான் பயமாக இருந்தது.

"கோட்டைமேட்டுலங்க. ரெண்டு கடின்னு அவர் சொன்னப்ப."

"அப்ப மணி பன்னெண்டு. இப்ப அஞ்சாகப் போகுது. ஆறு மணிக்குப் புகார்."

குமிழைத் திருப்பினது பிழைப்புக்குப் பண்ணின திருட்டுத்தனம். அதற்கு ஏதாவது சாக்குச் சொல்லலாம். பாயின் டீயைக் குடித்துவிட்டு, அந்த மூன்று சதுரத்தையும் பார்த்துவிட்டு, அஞ்சு மணி நேரம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேனே, அதற்கு என்ன சாக்கு இருக்கிறது? எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

மோகன்குமார் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் என்னைத் தாண்டிப் போய் பாய்க்கு முன்னால் கை கூப்பினார். "தப்புப் பண்ணிப்போட்டேனுங்க பாய்." செல்லை எடுத்து அங்கேயே போட்டோவை அழித்தார். குரூப்பில் மன்னிப்பு எழுதினார். பாதியில் அவர் நிறுத்தியதும் லோகப்பிரியா வாங்கி எழுதி முடித்தார்.

"படத்தை எடுத்துட்டீங்க தம்பி, சந்தோஷம்," என்றார் பாய். "பாத்தவங்க கண்ணுல இருந்து எடுக்க முடியுங்களா?"

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மோகன்குமார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பாய், அந்தக் குமிழ... பழைய எடத்துலயே வெச்சுத் தருவீங்களா?"

"மாட்டேன் தம்பி. இப்பத்தான் சரியா இருக்குது. சத்தம் வேணும்னா நீங்களே திருப்பிக்கோங்க."

லோகப்பிரியா முந்தானை நுனியை நனைத்துக்கொண்டு வந்து பொட்டைத் துடைத்தார். "அடுத்த ஆயுத பூசைக்கு மூடி மேல வெச்சுக்கலாங்க. அது எங்கயும் நகராது."

படியிறங்கும்போது நான் மேடத்தின் பின்னாலேயே போனேன். "நாளையிலருந்து வரட்டுங்களா, வேண்டாமுங்களா?"

"அந்த மூணு செட்டும் யார் யார் வீட்டுல இருக்குதுன்னு பாய்கிட்டக் கேட்டு எழுதிக்கோ. இருட்டறதுக்குள்ள மூணும் அவர் அலமாரியில இருக்கணும். மத்ததை அப்புறம் பேசலாம்." கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டார். "நான் பஸ்ஸுல போய்க்கறேன். ஸ்கூட்டர்ல உனக்கு இடம் வேணும்."

முதல் வீடு கவுண்டம்பாளையத்தில். கதவைத் திறந்தவர் பனியனும் வேட்டியுமாக நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தத் திருட்டு பாய் கடைக்கா? குடுக்க முடியாதுங்க. என்னமோ மன்னிப்புன்னு குரூப்புல வந்துச்சு, எனக்கு நம்பிக்கையில்ல. நீங்க யாரு, அவரு ஆளா?"

என் வாயில் ரெடியாக மூன்று பொய் வந்து நின்றது. சேல்ஸ்மேன் வாய். மூன்றையும் முழுங்கினேன்.

"அவரு ஆளில்லீங்க. நீங்க தேடற திருடன் நான்தானுங்க."

நடந்ததை முழுக்கச் சொன்னேன். குமிழ், கடி, பொட்டு, அஞ்சு மணி நேரம், ஒன்றையும் விடவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கதவைச் சாத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் ஒதுங்கி வழி விட்டார்.

"செட்டு உள்ள இருக்குது. ரொம்பக் கனம். பாத்துத் தூக்குங்க."